செவ்வாய்க்கிழமைகளில் காய்ச்சல் இல்லை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

அப்பாவுக்குக் காய்ச்சல் நின்று இன்றோடு பதினோரு நாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நிம்மதியாகப் படி. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் உன் மனைவியும் பக்கத்தில் இருப்பாள். இதை அவள் எதிரில் சொல்ல எனக்கு வாய் வராது.

விபத்தில் கழுத்தில் அடிபட்டுப் படுத்ததிலிருந்து அப்பாவுக்கு வியர்ப்பதே இல்லை என்பது உனக்குத் தெரியும். இரண்டு மாதமாக மதியமானால் உடம்பு அனலாய்க் கொதிக்கும், பொழுது சாய்ந்தால் தணிந்துவிடும். மாத்திரை மாற்றி மாத்திரை. இப்படியே போனால் அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

அப்போதுதான் அவள் அப்பா கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். சோப்புப் பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர், அதில் சொருகிய விரல் நீள யூஎஸ்பி சென்சார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அறையின் சூட்டை அதுவே எழுதிக்கொள்ளுமாம். "மனுஷனைப் பாக்காம சுவத்துக்கு ஜுரம் பாக்குறா" என்று அப்பாவிடம் முணுமுணுத்தேன். போதாததற்கு, துணி தேய்க்க அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப மாட்ட மறந்தும் போனேன். இரண்டு நாள் பதிவு போயே போச்சு. "அத்தை, நீங்க ஜுரம் எழுதி வைக்கிற நோட்டைக் கொஞ்சம் குடுங்க" என்று மட்டும் அவள் கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு தாளைக் காட்டினாள். அறைச் சூடு ஒரு கோடு, என் நோட்டிலிருந்த காய்ச்சல் ஒரு கோடு. மதியம் ஒரு மணிக்கு முதல் கோடு ஏற ஆரம்பித்து முப்பத்தெட்டு டிகிரி வரை போகிறது. பின்னாலேயே அப்பாவின் கோடும் ஏறுகிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் இரண்டும் அடங்கிக் கிடக்கின்றன. அன்றைக்கு மட்டும் என்ன அத்தை என்று கேட்டாள். எனக்குப் பொறி தட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேக்கரிக்கு அன்றுதான் லீவு! போய்ப் பார்த்தால், இரண்டு மாதத்துக்கு முன் அடுப்பை நம் சுவரோரமாக மாற்றி வைத்திருக்கிறார்கள்.

தாளை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். வியர்க்காத உடம்பு அறைச் சூட்டை அப்படியே வாங்கிக்கொள்ளும், எனக்கே தோன்றவில்லையே என்றார் டாக்டர். இதைப் போட்டது யார் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் "எங்க மருமக" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் ஆபீஸ் வேலை பார்க்கும் முன்னறையை அன்றே அப்பாவுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டாள். இப்போது சமையலறை மேஜையில், நான் காய் நறுக்குகிற இடத்துக்கு எதிரில் உட்கார்ந்து வேலை செய்கிறாள். எழுந்ததும் "இன்னைக்கு எத்தனை டிகிரிம்மா?" என்று அப்பா அவளைத்தான் கேட்கிறார். என்னைக் கேட்பதில்லை.

நீ அவளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்ற அன்று நான் பேசியது எனக்கு மறக்கவில்லை. அவளுக்கும் மறந்திருக்காது.

ஒரு உதவி செய். உங்கள் கல்யாணப் போட்டோ உன்னிடம் இருக்குமே, நல்லதாக ஒன்றைப் பெரிதாகப் போட்டு அனுப்பு. கூடத்தில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி, ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா