சுவரில் பூசணம்

நடபுவா, லௌடோகா
மார்ச் 2001

அன்பு மகன் ஷிவ்நேஷுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நான் சுகம், ஆக்லாந்தில் நீயும் மருமகள் ரஜ்னீதாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். போனில் என் இருமலைக் கேட்டு என்னவென்று கேட்டாய், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்னால் அங்கே தூங்க மாட்டாய். இப்போது குறைந்துவிட்டதால் எழுதுகிறேன்.

ட்ராசாவில் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்து இந்த வாடகை வீட்டுக்கு வந்தபோது சுவரெல்லாம் வெள்ளையாக இருந்ததை நீயும் பார்த்தாய். நீ போன பிறகு வந்த மழையில் படுக்கையறைச் சுவர் அடியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது, துடைக்கத் துடைக்கப் பூசணம், அந்த நெடியில்தான் இருமல் வந்தது. அலமாரியில் உன் நீலச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தேன், உன் வாசனை போய்விடக் கூடாதென்று. அதிலும் ஏறிவிட்டது. பிளீச் போட்டு ஊறவைத்து எடுத்தால் யாருடைய சட்டையோ மாதிரி இருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்காரர் மகேந்திராவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஜன்னலத் தெறக்கறதே இல்ல மாமி, உள்ளயே சமைக்கிறீங்க, ஆவி எங்க போவும், இது உங்க பொறுப்பு" என்றார். அவரும் கனடாவுக்குக் குடிபோக எழுதிப்போட்டுக் காத்திருக்கிறார், விட்டுப் போகிற வீட்டுக்கு எதற்குச் செலவு என்று நினைத்திருப்பார். ஆனால் அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. போன வருஷம் இந்தத் தீவில் ஆட்சியைக் கவிழ்த்த கலவரத்தில் அடுத்த தெருவில் நம் ஆட்களை வீடு புகுந்து அடித்தார்களே, அதிலிருந்து நான் ஜன்னல் திறக்கவில்லை. தனியாக இருப்பவள் எந்தத் தைரியத்தில் திறப்பேன். அதையே சொன்னேன். "தெறக்கறது என் பொறுப்புன்னா, பயமில்லாம தெறக்கக் கம்பி போடறது உன் பொறுப்பு. செவுத்துக்குள்ள தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாக்கறதும் உன் பொறுப்பு" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று நினைத்து வாடகை ரசீதுகளைத் தேடி எடுத்து வைத்தேன்.

சனிக்கிழமை ஒரு ஆளோடு வந்து சுவரைத் தட்டினார். பூச்சு ஈர மண்ணாக உதிர்ந்தது, உள்ளே குழாய் கசிந்துகொண்டிருந்தது. கசிவைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, இது என்னோட பொறுப்புதான் மாமி என்றார். குழாய் மாற்றிச் சுவர் பூசி ஜன்னலுக்குக் கம்பியும் போட்டுக் கொடுத்தார். போகும்போது, நீங்க எப்ப மகன்கிட்ட போறீங்க என்று கேட்டார். காதில் விழாதவள் மாதிரி தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அங்கே குளிர் என்று நீங்களும் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு இருக்காதீர்கள். சுவர் கறுத்தால் அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல், பயந்து பேசாமல் இருக்காதே. ரஜ்னீதாவை ஈரத் தலையோடு வேலைக்குப் போக விடாதே. உனக்குத் தமிழ் படிக்கக் கஷ்டம்தான், ஆனாலும் எழுத்துக்கூட்டி நீயே படி, வேறு யாரிடமும் கொடுக்காதே.

இப்போதெல்லாம் ஜன்னலைத் திறந்துவைத்தே படுக்கிறேன். விடியற்காலையில் நாந்தி விமான நிலையத்து விமானங்களின் சத்தம் கேட்கிறது. போகிறதா வருகிறதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இருவரும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா
மோகினி