நீ கொண்டுபோன பாஸ்வேர்டு

மூணாறு, கீழ் டிவிஷன் லயம்
ஜூலை 12

அன்பு அண்ணன் ரிஞ்சுவுக்கு,

தங்கை வினோ எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். ஆந்திரா வெயிலில் நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம். துறவு மடத்தில் உன் பயிற்சிக் காலமான நவசந்நியாச வருடம் முடியும்வரை உனக்குப் போன் கிடையாது, வருகிற கடிதத்தையும் மடத்து ஃபாதர் பிரித்துப் படித்த பிறகுதான் தருவார் என்று தெரியும். ஃபாதர், உங்களுக்கும் தோத்திரம். இது பொல்லாத கடிதம் இல்லை, பாஸ்வேர்டு கேட்கிற கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீ தந்துவிட்டுப் போன லேப்டாப்பில் எனக்கு லினக்ஸ் ஓட வேண்டும். அது இல்லாமல் கல்லூரியில் ரோபோட்டிக்ஸ் பாடத்தில் ஒரு வேலையும் நடக்காது. அம்மாவுக்கு நான் விளக்கியது இப்படி: நம் லயத்து வீட்டில் ஒரே அறையில் சேலையைக் குறுக்கே கட்டிச் சித்தி குடும்பத்தைக் குடிவைத்தோமே, அதுபோல விண்டோஸ் இருக்கிற பெட்டிக்குள்ளேயே லினக்ஸ் என்று இன்னொரு கம்ப்யூட்டரைக் குடிவைக்க வேண்டும். அதற்குப் பெயர் விர்ச்சுவல் மெஷின். அதற்குள்தான் என் ரோபோ திரையில் ஓடும், சுவரில் முட்டாமல் திரும்பும். அப்போ சண்டையும் வருமே என்றாள் அம்மா. சண்டைதான் வந்திருக்கிறது.

மழையில் ஜீப் ஏறி மூணாறு டவுனுக்குப் போய், பக்கத்து வீட்டு ஜிஜோ வேலை பார்க்கும் மொபைல் கடையில் உட்கார்ந்து லினக்ஸை டவுன்லோடு செய்துகொண்டு வந்தேன். எல்லாம் ஏற்றியும் ஓடவில்லை. பயாஸ் என்று லேப்டாப்பின் அடியில் ஒரு செட்டிங் இருக்கிறதே, அதில் போய் ஒரு சுவிட்சைப் போட வேண்டுமாம். அங்கே போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. ஜிஜோ கேம் ஏற்றிக் கெடுத்துவிடக் கூடாது என்று நீ போட்ட பூட்டு. பிரியாவிடைப் பூசை அன்று சட்டையை அப்பாவுக்கும், பூட்ஸை ஜிஜோவுக்கும், லேப்டாப்பை எனக்கும் கொடுத்து எல்லாவற்றையும் துறந்தாய். பாஸ்வேர்டை மட்டும் துறக்க மறந்துவிட்டாய், போ.

அம்மா பெயர், உன் பிறந்தநாள், வேளாங்கண்ணி, எல்லாம் அடித்துப் பார்த்தேன். மூன்று தடவை தப்பானால் திரை செத்துவிடுகிறது. பேட்டரியைக் கழற்றி வைத்தும் பூட்டு அழியவில்லை, போர்டையே மாற்ற வேண்டும் என்கிறான் ஜிஜோ. அதற்கு நான் எங்கே போவேன்? மாதக் கடைசியில் ரோபோவை ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டாதவர்கள் பரீட்சை எழுத முடியாது. அப்பாவுக்கு மார்ச்சில் ரிட்டையர்மென்ட். வீட்டில் ஒருவராவது தேயிலை எஸ்டேட்டில் வேலைக்குப் பேர் கொடுத்தால்தான் இந்த வீடு நமக்கு. நான் படித்து முடித்து வேலைக்குப் போய்விடுவேன், வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லித்தான் அப்பாவைச் சம்மதிக்க வைத்தேன். இதில் தோற்றால் என் முதுகில் கொழுந்துக்கூடைதான்.

உனக்கு எழுதப் போகிறேன் என்றதும் அம்மா தடுத்தாள். ஆண்டவருக்குக் குடுத்த பிள்ளைட்ட எதையும் திருப்பிக் கேக்கப்பிடாது என்றாள். சின்ன வயதில் நீ காமாலையில் கிடந்தபோது, பிழைத்தால் உன்னை ஆண்டவருக்கே தருவதாகச் செய்த நேர்ச்சை அவளுக்குப் பெரிது. எனக்குப் பாஸ்வேர்டு பெரிது. தயவுசெய்து எழுது.

அன்புத் தங்கை,
வினோ


ஆகஸ்ட் 5

அன்பு அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஃபாதரிடமிருந்து வந்தது. நீ மௌன தியானத்தில் இருக்கிறாயாம், முடிந்ததும் என் கடிதத்தைத் தருவாராம், உலகக் காரியங்களால் உன்னை அலைக்கழிக்க வேண்டாமாம். ஃபாதர், கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இந்த உலகத்தில்தான் பரீட்சை வைக்கிறார்கள்.

மழையால் கல்லூரியை மூடியதில் ஒரு தவணை கிடைத்தது. பதினைந்தாம் தேதி மாதா விண்ணேற்புத் திருநாள் முடிந்து வருகிற திங்கள்தான் கடைசி என்று மிஸ் சொல்லிவிட்டார். கல்லூரி லேபில் ஓட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அவரவர் லேப்டாப்பில் தாங்களே அமைத்துக் காட்டுவதற்குத்தான் பாதி மார்க் என்றார். தோழி செல்வப்பிரியா தன்னுடையதைத் தருகிறேன் என்றாள், ஆனால் அவள் முறையும் அன்றைக்குத்தான். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது, அண்ணா. சோற்றில் கை வைத்தாலும் விரல் தன்னால் எதையோ அடித்துப் பார்க்கிறது. அப்பா என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் எஸ்டேட் சூப்பர்வைசரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

நேற்று நான் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் மூன்று பெயர் சொன்னாள், அடித்தேன். திரை செத்ததும், எம்புள்ள என்னத்த மனசுல வச்சிருக்கான்னு பெத்தவளுக்கே தெரியலையே என்று அழுதாள். நீ ஜீப் ஏறிய அன்று எங்களைப் பார்க்கவே இல்லையாம், லேப்டாப் பையைத்தான் பார்த்தாயாம், அவள் கண்டும் காணாத மாதிரி நின்றாளாம். நான் என்ன சொல்வது? எனக்கும் அது தெரியும். ஜீப் வளைவில் திரும்புகிறவரை எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டுதான் இருந்தோம்.

அதனால் இதை அம்மா சொல்லச் சொல்லி எழுதுகிறேன். தியானத்தில் பேசத்தானே கூடாது, அந்த வார்த்தையை ஒரு சீட்டில் எழுதி ஃபாதரிடம் கொடு. எழுதவும் கூடாதென்றால், ஃபாதர், அவனை ஒரே ஒரு தடவை வீட்டுக்கு அனுப்புங்கள். வந்து தன் கையாலேயே அடித்துத் திறந்து தரட்டும்.

வந்தவன் அந்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டு, பிறகு எழுந்து போக மாட்டேன் என்று சொன்னால் நீ செய்த நேர்ச்சை என்னாகும் அம்மா என்று கேட்டேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அத நான் ஆண்டவருகிட்ட பேசிக்கிடுதேன், நீ வரச் சொல்லி எழுது என்றாள்.

எழுதிவிட்டேன், அண்ணா. மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் தங்கை,
வினோ