ஐந்து கொம்பு மூடி

18 அக்டோபர் 1958, சனி

இன்று நான் சொல்லாமல் விட்டது: "அண்ணா, நீ தேடுகிற மூடி காதர் பாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது."

மலையில் தூறல், கீழே நல்ல வெயில். வாணியம்பாடிச் சந்தை. ஆட்டுத் தரகர்களைத் தாண்டினால் பழைய இரும்புக்காரர்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் வரிசை. போன வாரம் பார்த்த அதே பல்சக்கரங்கள். ஒருவன் கார் விளக்கின் கிண்ணத்தில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தான். அண்ணன் அதையும் குனிந்து பார்த்தான். நம் பழைய காருக்கு ஆகாது.

கிடைத்தது: வால்வு ஸ்பிரிங் ஒன்று (கொஞ்சம் நீளம், அறுக்க வேண்டும்). சக்கர நட்டு மூன்று. ஃபேன் பெல்ட்டுக்குத் தோல் வார்.

கொடுத்தது: கடுக்காய் ஒரு மூட்டை, தேன் இரண்டு புட்டி. கடுக்காய் கொடுத்தால் பழைய இரும்புக்கடை காதர் பாய் எதையும் மாற்றிக்கொடுப்பார். தோல் பதனிடுகிறவர்களுக்கு அது வேண்டும்.

கிடைக்காதது: எஞ்சினுக்கு மின்பொறியைப் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி. இது பதினோராவது சனிக்கிழமை.

விரிசல் விட்ட பழைய மூடியை அண்ணன் சாக்குக்குச் சாக்கு நீட்டிக்கொண்டே போகிறான். கறுப்பு பேக்கலைட், உள்ளங்கையில் அடங்கும், மேலே ஐந்து கொம்பு. ஆட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா இது, மடி மாதிரி கீது? எங்க ஆட்டுக்கே ரெண்டு காம்புதான். இது அஞ்சு வெச்சிக்கினு கீதே!" வரிசை முழுக்கச் சிரிப்பு. அண்ணனும் சிரித்தான்.

பாய் கடையில் அவன் பேரம் பேசும்போது அவர் மனைவி பாயம்மா வழக்கம்போல் "பேட்டி, மகளே" என்று என்னை உள்ளே கூப்பிட்டார். ஆண்கள் கடையோடு சரி. டீ. இன்று முதல்முறையாக உள்அறை வரை போனேன். மாடத்தில் அவர் மகன் யாக்கூபின் சாமான்கள். தோல் வியாபாரி ஒருவரிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன், இரண்டு வருஷம் முன் விஷக் காய்ச்சலில் போய்விட்டான். சீப்பு, தொப்பி, மடித்த லுங்கி இரண்டு. அவற்றுக்கு முன்னால் ஊதுபத்தி செருகிய ஒரு கறுப்புச் சாமான்.

கொம்புகளை எண்ணினேன். ஐந்து. பக்கவாட்டில் கிளிப்புக்கான பள்ளம் இரண்டு. வண்டிக் கையேட்டின் படத்தை நான் பென்சிலால் எத்தனை முறை வரைந்திருக்கிறேன்! அதேதான். விரிசல் இல்லை.

"வியாழக்கிழமையான்னா அவன் பேருக்குப் பாத்தியா ஓதி இதுலதான் பத்தி வெப்பேன், பேட்டி. அவன் ஓட்ன வண்டியோடது. அத ஒடைக்கிறப்ப இத மட்டும் எடுத்தாந்து வெச்சிக்கினான். பாய் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டார்."

டீயைக் குடித்து முடித்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன்: "உள்ள இன்னா அவ்ளோ நேரம்?"

"சமையல் பேச்சு."

சொன்னால் அவன் அடுத்த நிமிஷமே இறங்கிப் போய்க் கேட்டிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை.


20 அக்டோபர், திங்கள்

வெயில். பள்ளிக்கு ஒன்பது பேர். மீதிப் பேர் சாமை வயலில் பன்றி விரட்டப் போய்விட்டார்கள்.

வெயிலடித்தால் வண்டி ஓடுகிறது. மாலையில் ஹேண்டில் போட்டதும் கிளம்பி, எங்கள் ஊர் புதூர்நாட்டை இரண்டு சுற்று சுற்றியது. வானம் கறுத்தால் இருமி நின்றுவிடும். விரிசலில் ஈரம் ஏறினால் மின்பொறி போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் விரிசல் வழியே ஓடிவிடுகிறது. கையேட்டில் படித்து அண்ணனுக்குச் சொன்னவளே நான்தான். வேறு எது உடைந்தாலும் கொல்லரும் தச்சரும் செய்துகொடுத்துவிட்டார்கள். பேக்கலைட்டை யார் செய்வது?

பக்கத்துக் கொல்லைக்காரர், அண்ணிக்குச் சித்தப்பா முறை, தினமும் ஒரு கேள்வி: "இன்னா மாப்ள, உன் வண்டிக்குச் சளி இன்னும் வுடலியா? மொளகு ரசம் ஊத்திப் பாரேன்."

அண்ணி பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைக் கண்டக்டர் ஆக்கிவிட்டாள். "திர்ப்பத்தூரு ஒண்ணு குடு டீச்சரம்மா. வயித்துல கீறதுக்கு அரை டிக்கெட்டா?"

"மடியில் இருப்பதற்கே டிக்கெட் இல்லை. வயிற்றில் இருப்பதற்கா?"

"அப்ப போலாம் ரைட் சொல்லு."

சொன்னேன். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். பூங்காவனம் என்று அவளுக்குப் பெயர் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன பிரசவத்தில் குழந்தை குறுக்கே கிடந்து இறந்தே பிறந்தது. இந்த முறை ஆஸ்பத்திரியில்தான் என்று கீழே நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கார்த்திகை நடுவில் என்று கணக்கு. முன்கூட்டியே போய்த் தங்கச் சொன்னால் கேட்பதில்லை. "இருவது நாளு அங்க போய்க் கெடந்தா சாமைய யாரு அறுப்பாங்க? எங்கூட்டுக்காரரு வண்டி கீதில்ல. ஏறிக் குந்திக்கினா ரெண்டு அவுருல ஆஸ்பத்திரி."

அண்ணன் அப்போது என்னைப் பார்த்தான். நான் கையேட்டைப் புரட்டினேன்.


25 அக்டோபர், சனி

கேட்டுவிடுவதென்றே போனேன். பஸ்ஸில் வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

சந்தையில்: ஒரு கார்புரேட்டர் மிதவை (வேண்டாதது). ஒருவன் யுத்தகால லாரியின் மூடி என்று நீட்டினான், ஏழு கொம்பு. அண்ணன் அதையும் வாங்கி நம் மூடிக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான். கொம்புகளைக் குறைக்க முடியுமா என்று யோசித்தான் போலிருக்கிறது. பாவம்.

பாயம்மா யாக்கூபின் லுங்கிகளைத் துவைத்துக் காயவைத்து மடித்துக்கொண்டிருந்தார். மூடியில் வியாழக்கிழமைச் சாம்பல். அண்ணிக்கு எத்தனையாவது மாசம் என்று கேட்டார். எட்டு முடியப் போகிறது என்றேன். மடித்த இரண்டில் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார்.

"புள்ளயச் சுத்த இத வெச்சிக்கோ. துவைச்சுத் துவைச்சுப் பஞ்சாட்டம் ஆயிடுச்சு. புதுத்துணி குத்தும்."

வேண்டாம், யாக்கூப் ஞாபகமாக இருக்கட்டும் என்றேன்.

"இன்னொண்ணு கீதே. போதும் எனக்கு."

இதற்கு மேலும் ஒன்றை எப்படிக் கேட்பது? ஒரு தாய் மகனுடையதில் பாதியைத் தூக்கிக் கொடுத்துவிட்ட பிறகு மீதியையும் கேட்பதா? நான் படித்த கதைகளில் இறந்தவர் சாமான் மேல் கைவைப்பவர்கள் ஒருவரும் நல்லவர்களாக இருந்ததில்லை. தயார் செய்த வாக்கியத்தோடு திரும்பிவிட்டேன்.

லுங்கி, நீலக் கட்டம். அண்ணி முகத்தோடு வைத்துப் பார்த்தாள். "சோப்பு வாசன."


1 நவம்பர், சனி

விடாத மழை. சந்தைக்குப் போகவில்லை. பாலத்தின் மேல் தண்ணீர்.

அண்ணன் விரிசலில் அரக்கு ஊற்றினான். சூட்டில் உருகி வந்துவிட்டது. தேன்மெழுகு, அதுவும் அப்படியே. கடைசியில் மூடியைத் துணியில் சுற்றி அடுப்பு மேட்டில் வைத்துவிட்டு, "இது கொயந்த மாதிரி. சூடா வெச்சிக்கினா அழாது" என்றான்.

அண்ணிக்குக் கால் வீக்கம். இரண்டு பேரும் பல்லாங்குழி ஆடினோம். அவள்தான் ஜெயித்தாள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்கிறாள். "பூ" வரை வந்துவிட்டது. "ங்" பிடிக்கவில்லையாம், "இது இன்னாத்துக்கு நடுவுல?"

அண்ணன் வெளியே சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் என்று வாசல் வரை போனேன். மழையில் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்திச் சொல்லுகிற விஷயமா என்று திரும்பிவிட்டேன். எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

முடிவு: அடுத்த சனி, எட்டாம் தேதி, பாயம்மாவிடம் கேட்பது. கண்டிப்பாக.

வாங்க வேண்டியது: சோப்பு, மண்ணெண்ணெய், சுண்ணாம்புக்கட்டி, அண்ணிக்கு உலர்ந்த திராட்சை.


9 நவம்பர், ஞாயிறு

எழுத வேண்டும். வரிசையாக எழுதினால் முடியும்.

வியாழன் காலை ஏழு மணிக்கு அண்ணிக்கு வலி. கணக்குக்கு மூன்று வாரம் முன்னால். மழை சன்னமாக.

எட்டரைக்கு வண்டி கிளம்பியது. மூடியை அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்து மாட்டினான். முதல் திருப்பம் நன்றாகவே போனது. அண்ணி என் தோளில் சாய்ந்து, "சொன்னேன்ல, ரெண்டு அவுரு" என்றாள்.

நெல்லிமரத் திருப்பத்தில் மழை வலுத்தது. வண்டி இருமியது. நின்றது.

அண்ணன் மூடியைக் கழற்றிச் சட்டையால் துடைத்தான். மாட்டினான். ஓடியது. நூறு அடியில் நின்றது. மறுபடி. துணியைக் கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டினான். மறுபடி. ஒவ்வொரு முறை பிடித்துக்கொள்ளும்போதும் இனிப் போய்விடும் என்றே தோன்றும். அதனால்தான் விட்டுவிட்டு நடக்கவும் மனம் வரவில்லை. இப்படியே இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

"நின்னுட்ச்சா டீச்சரம்மா?"

"இல்லை அண்ணி. இதோ."

"போலாம் ரைட் சொல்லு."

சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வலிதான் பேசியது.

பக்கத்துக் கொல்லைச் சித்தப்பா மூங்கிலோடும் ஜமக்காளத்தோடும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். டோலி. நான்கு பேர் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். வழியெல்லாம் ரத்தம், மழை கழுவிக்கொண்டே வந்தது. அடிவாரத்தில் ஒரு புளி லாரி.

ஆஸ்பத்திரிக் கடிகாரம் நாலே முக்கால். நர்ஸ் கேட்டார், "எத்தனை மணிக்குப் பொறப்பட்டீங்க?"

"எட்டரை" என்றான் அண்ணன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆண் குழந்தை. மூச்சு இல்லை. ஆறு மணிக்கு அண்ணியும்.

அன்று வியாழக்கிழமை. அந்நேரம் பாயம்மா மூடியில் ஊதுபத்தி வைத்திருப்பார்.


12 நவம்பர், புதன்

மழை இல்லை. பள்ளி திறந்தேன். சிலேட்டுகளுக்கு நடுவில் அவளுடையதும். "பூ".

அண்ணன் சாப்பிட்டான். வண்டி இன்னும் நெல்லிமரத்தடியில்.


22 நவம்பர், சனி

தனியாகப் போனேன். சந்தைக்குள் நுழையவில்லை, நேரே பாய் வீடு.

பாயம்மாவிடம் எல்லாம் சொன்னேன், முதல் நாள் கொம்புகளை எண்ணினது முதல். மாடத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் எழுந்து போய் மூடியைக் கையில் எடுத்தார். பிறகு, "இதுவா? இந்தச் சாமானா?"

தலையாட்டினேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, பேட்டி. பத்தி வெக்க எனக்கு ஒரு வாழப்பழம் போதாதா? அவன் இருந்தா அவனே மல ஏறி வந்து மாட்டி வுட்டிருப்பான்." கொஞ்சம் கழித்து, "வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா?"

அவர் கொம்புகளிலிருந்து சாம்பலைத் தட்டி, முந்தானையால் உள்ளும் புறமும் துடைத்தார். ஒவ்வொரு துளையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"அந்த லுங்கி?"

"அதில் சுற்றித்தான் புதைத்தோம்."

அப்போதுதான் அவர் அழுதார்.

லுங்கியைக் கொடுத்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கேட்காமலே கொடுக்கிறவர். கேட்டால் கொடுக்க மாட்டாரா? துக்கத்தைப் பற்றி அவ்வளவு படித்திருக்கிறேன், எதிரே உட்கார்ந்திருந்தவரைப் படிக்கவில்லை.

பாய் கடையில் எழுந்து நின்றார். நான் தாண்டும்வரை உட்காரவில்லை.


24 நவம்பர், திங்கள்

மழை.

காலையில் அண்ணனோடு நெல்லிமரத்துக்கு நடந்தேன். மூடியைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகர்ந்தான்.

"எங்க கெடச்சுது?"

"பாய் வீட்டுக்குள் இருந்தது."

"எப்ப பாத்த?"

"அக்டோபர் பதினெட்டு."

மழை பெய்துகொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மூடியை வைத்து இரண்டு கிளிப்பையும் அழுத்தினான். ஹேண்டிலை ஒரே ஒரு சுற்று. பிடித்துக்கொண்டது. என்னை ஏறச் சொல்லாமல் தனியாக ஏறிக் கீழே போனான். அடிவாரம் வரை போய்த் திரும்பிவந்தான். போகும்போதும் வரும்போதும் கொட்டும் மழை. வண்டி எங்கேயும் நிற்கவில்லை.