ஆறு மணிக்குள்

அன்புள்ள அப்பா,

குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு எழுதுகிறேன். அம்மா இன்னும் போனுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கிறார்.

முந்தாநாள் காலை, சின்ன விமானத்தை நீங்களே ஓட்டி வடக்கே சட்பரிக்குப் போகும் பாதையை எழுதி என்னிடம் தந்தீர்கள். “ஆறு மணிக்குள்ள நான் வீட்டுக்குப் போன் எடுக்காட்டி உடன இந்த நம்பருக்குச் சொல்லு. தேட வருவினம். அம்மாட்டை மூச்சு விடாதை” என்றீர்கள். நீங்கள் பறப்பதை விட்டுவிட்டதாகத்தான் அம்மா நம்பியிருந்தார்.

ஆறு மணிக்கு அம்மா பாரிஸ் சித்தியோடு போனில் இருந்தார். வெளியே, எங்கள் மல்வேர்ன் தெருவில் இன்னும் வெயில் இருந்தது. போனைக் கேட்டு வாங்கினால் எல்லாம் தெரிந்துவிடும் என்று பயந்து நின்றேன். அம்மா இரவு வேலைக்குப் போனபிறகு, ஒன்பது மணிக்குத்தான் அந்த நம்பருக்கு எடுத்தேன். அதற்குள் சட்பரிப் பக்கம் இருட்டிப் பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

அப்பா சொன்ன நேரம் எது என்று கேட்டார்கள். ஒன்பது என்றேன்.

உங்களை முன்பின் தெரியாத பதினொரு பேர் தங்கள் விமானங்களில் இரண்டு நாளாகத் தேடிவிட்டார்கள். ஒன்றும் இல்லை. இந்தக் குளிரில் இனி எப்படி என்று மெதுவாகக் கதைக்கிறார்கள்.

இன்று பின்னேரம், உங்களோடு பறக்கப் பழகிய யோகநாதன் அங்கிள் வந்தார்.

“சொன்ன நேரத்துக்குச் சரியா எடுத்திருக்கிறாய். கெட்டிக்காரி! என்ரை மனிசியெண்டால் மறந்துபோய் நித்திரை கொண்டிருப்பா. நாளைக்கு நானும் தேடப் போறன். இந்தா, என்ரை பாதை. நாலு மணிக்குள்ள எடுக்காட்டிச் சொல்லுவாய்தானே?”

ஓம் என்றேன், அப்பா.

உங்கள் மகள்