மீட்டிங் போட்டுக் காலியாக்கிய பஸ்

ஜூன் 3, திங்கள்

பேனரில் மூன்று சங்கங்களின் பெயரில் எது முதலில் வரவேண்டும் என்பதற்கே காலை முழுக்கப் போய்விட்டது. வாடகைதாரர் சங்கத் தலைவர், “நாங்கதான் மூத்த சங்கம்” என்றார். இவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒருநிமிஷம். “ஒரே நிமிஷம்” என்று அவர் எழுந்தால் டீ ஆறி ஆடை கட்டிவிடும். மாற்றுத்திறனாளிகள் சங்கத்துத் தையல்காரம்மா சக்கர நாற்காலியை முன்னால் நகர்த்தி, “எங்க பேரக் கீழயே போடுங்க, எனக்கும் எட்டும். ஆனா பெருசா போடுங்க” என்றார். துப்புரவுப் பெண்கள் சங்கத் தலைவி இரவு வேலை முடிந்து வந்தவர், பாதித் தூக்கத்தில், “வட்டமா போட்டுடுங்களேன்” என்றார்.

வட்டமாகவே போடுவதென்று முடிவானது. பேனர்காரர் போனில், “மேடம், படிக்கிறவங்க சுத்திச் சுத்தி வரணுமா?” என்று கேட்டார். ஒருங்கிணைப்பாளர் என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு, “ஆமாங்க” என்றேன்.

ஆஸ்பத்திரி பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள், ஏறுவதற்கு ஆளில்லையாம் என்று பேச்சு. மூன்று சங்கமும் கைகோத்ததே அதைத் தடுக்கத்தான். என் அக்கா வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போய்வருவது அந்த பஸ்ஸில். அது நின்றால் வாடகைக் கார்தான். அந்தக் காசுக்கு எங்கே போவது?

ஜூன் 7, வெள்ளி

எங்கள் கூட்டமைப்பின் விதி இது: ஒருவர் தலையாட்டாவிட்டாலும் தீர்மானம் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. இன்று மூன்று தலையும் ஒன்றாக ஆடிய அதிசயம் நடந்தது! அடுத்த வாரம் முழுக்க, தினமும் காலையில், “பஸ்ஸைக் காப்பது எப்படி” என்று திட்டமிடல் பயிலரங்கு. பஸ்ஸில் போகிறவர்கள் அத்தனை பேரும் வர வேண்டும். அவர்கள் அலையக் கூடாதே என்று வேனும் ஏற்பாடு செய்துவிட்டேன். வேன் யோசனை என்னுடையது. எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் மறுக்கக் கூடாது.

ஜூன் 12, புதன்

மண்டபம் நிரம்பி வழிகிறது. சார்ட் பேப்பர் ஒட்டச் சுவரில் இடமில்லை.

அக்காவை வரச் சொல்லிப் பார்த்தேன். “எனக்கு ஆஸ்பத்திரி இருக்கு. தவிர, உங்க மீட்டிங்குக்கு ஊசியே தேவல” என்றாள். சாயங்காலம் வந்ததும், “இன்னிக்கு பஸ் ராஜாங்கமா இருந்துச்சுடி. உக்கார ஒரு சீட்டு, பைக்கு ஒரு சீட்டு, கால் நீட்ட ஒரு சீட்டு. யாரோ ஒரு ஆள் அட்டையும் பேனாவுமா வந்து என்னையே பாத்துட்டிருந்தான்” என்றாள். நான் சார்ட்டுக்கு ஸ்கெட்ச் பேனா தேடிக்கொண்டிருந்தேன், உம் கொட்டினேன்.

ஜூன் 14, வெள்ளி

பயிலரங்கு நிறைவு. கைதட்டல். குழுப்படம். பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்?

ஜூன் 21, வெள்ளி

ஐயோ.

போக்குவரத்து அலுவலகத்தில் அதிகாரி கூப்பிட்டிருந்தார். “முன்கூட்டிச் சொல்லாம அஞ்சு நாள் காலையில கணக்கெடுத்தோம்மா. மூணு நாள் ஒரே ஒரு அம்மா. மத்த ரெண்டு நாள் டிரைவர் மட்டும்” என்றார். எந்த வாரம் என்று கேட்டேன். பத்தாம் தேதி வாரமாம்.

பயிலரங்கு வாரம். அந்த பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரையும் வேனில் அள்ளிக்கொண்டு போய் மண்டபத்தில் அடைத்து, பஸ்ஸை எப்படிக் காப்பாற்றுவதென்று வகுப்பெடுத்திருக்கிறோம். எங்களை எதிர்க்கிறவர்கள்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது. அந்த ஒரே ஒரு அம்மா — என் அக்கா. மீட்டிங்கைப் பிடிக்காத ஒருத்தியால்தான் கணக்கு பூஜ்ஜியமாகாமல் தப்பியிருக்கிறது.

அதிகாரியிடம் ஏதோ உளறிவிட்டு அசடு வழிய வெளியே வந்தேன். வீட்டில் மட்டும் உண்மையைச் சொன்னேன். அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

இன்று அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டால், “பஸ் எப்படியும் நிக்கப்போகுது. கார்ல வாரம் ரெண்டு தடவைதான் கட்டுப்படியாகும், இப்பவே பழகிக்கறேன்” என்கிறாள், ஏதோ காப்பியில் சர்க்கரை குறைப்பதுபோல.

பழகிக்கற விஷயமாடி இது? டாக்டர் மூணுன்னு சொன்னா மூணுதான். கத்திட்டேன். அவ டிவி சத்தத்தக் கூட்டிட்டா. நான்தானே வேன் பிடிச்சேன்? எனக்குப் பயமா இருக்கு. வேற எதுவும் இல்ல, பயம்தான்.

ஜூன் 25, செவ்வாய்

அவசரக் கூட்டம். ஒருநிமிஷம், “எல்லாருக்கும் காய்ச்சல்னு சொல்லிடலாம். அடுத்த கணக்குக்கு எங்க சங்கத்துல இருந்து படிக்கட்டுல தொங்கற அளவுக்கு ஆள் இறக்கறேன்” என்று முழங்கினார்.

தையல்காரம்மா பொறுமையாகக் கேட்டார்: “படிக்கட்டுல தொங்கினா என் நாற்காலி எங்க ஏறும்? என்னைய ஸ்டாப்லயே விட்டுட்டுப் போயி எனக்காகப் போராடுவீங்களா?”

ஒருநிமிஷம் உட்கார்ந்தார். நான் பார்த்து, அவர் ஒரு நிமிடத்துக்குள் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். யார் போய்ச் சொல்வது என்பதில் மட்டும் எல்லோருடைய தலையும் என் பக்கமே ஆடியது.

ஜூன் 26, புதன்

சொல்லிவிட்டேன். அதிகாரி முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, “அம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார். சொன்னேன். மானம் போனால் போகிறது.

மறுபடி கணக்கெடுப்பார்களாம். என்றைக்கு என்று சொல்ல மாட்டார்களாம். எழுந்தபோது, “ஒரே ஒரு வேண்டுகோள். அதுவரைக்கும் மீட்டிங் போட்டுடாதீங்க” என்றார்.

அக்கா இன்று போனாள். வெள்ளிக்கிழமை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

மீட்டிங் போடக் கூடாது என்று தீர்மானிக்க ஒரு மீட்டிங் வேண்டும் என்கிறார் ஒருநிமிஷம். போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

அக்கா போகவில்லை. இந்த வாரம் ஒரே ஒரு தடவைதான்.

ஜூலை 5, வெள்ளி

“நானும் கூட வரேன், கிளம்பு” என்றேன். “சரி, உங்க கணக்குல ஒரு தலை குறைய வேணாம்” என்று செருப்பை மாட்டினாள். எதற்காகவோ, வந்தாள்.

பஸ்ஸில் ஒரு வேடிக்கை. தையல்காரம்மா ஏறவேண்டிய சரிவுப் பலகை பாதியில் சிக்கிக்கொண்டது. இந்த வாரம்தான் இந்த பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்த ஒருநிமிஷம் வெள்ளைச் சட்டையோடு மண்டியிட்டு அதை இழுத்தார். “தினமும் இப்படியா?” என்றார். “தினமும்” என்றார் தையல்காரம்மா. பலகை விழுந்து, நாற்காலி ஏறி, பஸ் நகர்ந்த நேரத்தில் பின்னாலிருந்து கூச்சல். துப்புரவுப் பெண்கள் கையில் வாளியும் பையுமாக ஓடி வருகிறார்கள். அவர்கள் வேலை முடிகிற நேரமும் பஸ் புறப்படுகிற நேரமும் ஒன்றாம்.

“இத்தனை மீட்டிங்ல பக்கத்துல உக்காந்து பேசியிருக்கோம். நீங்க இப்படி ஓடி வர்றது எனக்குத் தெரியாதேம்மா” என்றார் ஒருநிமிஷம்.

தலைவி மூச்சு வாங்கியபடி சொன்னார்: “நீங்க பேசி முடிக்கவும் நாங்க சொல்லலாம்னு இருந்தோம்.”

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார், காது சிவக்க. பஸ் கால் மணி தள்ளிக் கிளம்பினால் அவர்கள் ஓட வேண்டாம், பலகையை நிதானமாக இறக்கலாம். ஆனால் ஒருநிமிஷம், தான் வேலை பார்க்கும் எலக்ட்ரிக்கல் கடைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேருவார். “முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்” என்றார். பாவம் அந்த முதலாளி. பெரிய மார்க்கெட் ஸ்டாப் வருவதற்குள் மூன்று சங்கமும் ஒரே கோரிக்கைக்குத் தலையாட்டிவிட்டன. தையல்காரம்மாவுக்குத்தான் திடீர்ப் பயம்: “இது மீட்டிங் இல்லையே?”

“இல்ல, இல்ல!” என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்!

ஜூலை 16, செவ்வாய்

யாராவது அட்டையும் பேனாவுமாக ஏறினால் போதும், எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இன்று ஏறியவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மூன்று பேர் பாலிசி எடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 30, செவ்வாய்

அதிகாரியே போன் செய்தார். எப்போது எண்ணினார்களோ தெரியாது. பஸ் நிற்காது. நாங்கள் எழுதிக் கொடுத்தபடி கால் மணி தள்ளிப் புறப்படும். பலகையையும் சரிசெய்வார்களாம். “இனிமே தாராளமா மீட்டிங் போடலாம்மா” என்றார். போடத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலையில் எழுந்தால் அக்கா படுக்கையில் இல்லை. சமையலறை மேடையில் அவள் குடித்த டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. போன் செய்தேன். பஸ் இரைச்சலுக்கு மேல் கத்தினாள்: “உன் சங்கத்தாளுங்களால உக்கார இடமில்லடி! யாரோ ஒருத்தர் எழுந்து இடம் கொடுத்தார். கொடுத்துட்டுப் பேச ஆரம்பிச்சவர் இன்னும் நிறுத்தல. திங்கக்கிழமை முதல் ஆளா ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிக்கிறேன், பாரு.”

திங்கட்கிழமையும் போகிறாளாம்.