நாலாம் நாள்

மார்ச் 4, திங்கள்

என் லிஃப்ட்காரருக்கு,

நான் சௌக்கியம், தையல் மிஷினும் சௌக்கியம். லாரியில் வரும்போது ஒரு கண்ணாடி டம்ளர் மட்டும் உயிரை விட்டது. உங்கள் உடம்பு எப்படி என்று போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நமக்குத்தான் சட்டம் இருக்கிறதே! போனில் காய்ச்சல், கரண்ட் பில், கேஸ் சிலிண்டர். மனசில் இருப்பதெல்லாம் கடிதத்தில். போனில் மனசைத் திறந்தால் ஐந்தாவது நிமிஷம் சண்டை வந்துவிடுகிறது.

வீடு வாங்கிக் குடியும் வந்தாயிற்று. சித்தி எனக்கு எழுதிவைத்த மனை விற்ற பணம் இப்போது இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு பால்கனியாக நிற்கிறது. நீங்கள் போனில் “உன் இஷ்டம்” என்றீர்கள். புருஷன்மார் அதைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

கல்யாணமான புதுசில் இந்த தீம் பார்க் வாசல் பெஞ்சில் ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு உட்கார்ந்திருந்தோம். உங்கள் வேலை மாநிலத்தின் ஒரு கோடியில், என் தையல் கம்பெனி இன்னொரு கோடியில், பார்க் நட்டநடுவில். “காசு மட்டும் இருந்தா இங்கயே ஒரு வீடு வாங்கிடலாங்க” என்றேன். “காசு இருந்தா அடிக்கடி வந்துட்டுப் போலாமே, வீடு எதுக்கு?” என்றீர்கள். நீங்கள் சொன்னபடிதான் இத்தனை வருஷம் லீவு கிடைத்தபோதெல்லாம் வந்து வந்து போனோம். இனி கொஞ்சம் நான் சொன்னபடி.

ஒரு கூத்து நடந்துவிட்டது. புரோக்கர் என்னை அழைத்து வந்தது பார்க்குக்கு வார விடுமுறை நாள். தெருவே கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. “ஜன்னலத் திறந்தா பார்க்குதாம்மா” என்றார். பொய் இல்லை. ஆனால் பார்க்கின் பின்பக்கம்! ஜெனரேட்டர், குப்பை வண்டி, வேஷத் துணி துவைக்கும் கொட்டகை. குடிவந்த மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு அலறல் கேட்டதும் கையிலிருந்த பால் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டேன். அந்த ஊஞ்சல் கப்பல் நம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஆடுகிறது.

இப்போது பழகிவிட்டது. எல்லோரும் “அம்மா” என்றுதான் கத்துகிறார்கள். “பிரேக்கப் போடுப்பா, பிரேக்கப் போடு!” என்று கத்துகிற ஆளைத்தான் காணோம். எப்போது வருகிறார்?

உங்கள்
தையல்காரி

மார்ச் 11, திங்கள்

தையல்காரிக்கு,

மத்தியானச் சாப்பாட்டு நேரம். இருபத்திரண்டாம் மாடியில் நிற்கும் ஒரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து ஆடினால் லிஃப்டின் குற்றம். கிரீஸ் பட்டிருந்தால் என் குற்றம்.

பால் பாத்திரம் காலில் விழவில்லையே? அதை எழுதாமல் விட்டுவிட்டாய். கெட்டிக்காரி.

நீ ஜெயித்துவிட்டாய் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. என் பிழைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பார். லிஃப்டுக்குள்ளே இருப்பவனுக்குக் கண்ணாடி, மெல்லிய பாட்டு, சந்தன நிற விளக்கு. எனக்கு இருட்டு, கம்பி, எண்ணெய் நாற்றம். விடிந்தால் அடைந்தால் எல்லாவற்றுக்கும் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன். உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் டிக்கெட் வாங்கிக்கொண்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, ராஜா மாதிரி முன்வாசல் வழியாக நுழைந்தேன். நீ அதன் கொல்லைப்புறத்தில் போய் வீடு வாங்கியிருக்கிறாய்!

தினமும் பார்த்தால் எதுதான் ருசிக்கும்? ஐஸ்கிரீம் கடைக்காரன் வீட்டில் குழந்தைகள் ஐஸ்கிரீம் கேட்டு அழுவதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். வாசலில் என்னோடு வருஷம் தவறாமல் போட்டோ எடுத்துக்கொள்ளும் அந்தப் பெரிய முயல். அதற்குள் இருக்கும் ஆள் யார் என்பது உனக்கு எப்படியும் தெரிந்துவிடும். தெரிந்தால் உன்னோடு வைத்துக்கொள். எனக்குச் சொன்னால் இந்த ஜென்மத்தில் மன்னிப்புக் கிடையாது.

ஆபீசில் இன்னும் ஒரு வருஷம் இருங்கள் என்கிறார்கள். வயசாகிவிட்டது என்று அனுப்பவேண்டிய ஆளைப் பிடித்து வைக்கிறார்கள் என்றால் நான் எப்படிப்பட்ட மெக்கானிக் என்று பார்த்துக்கொள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும்.

உன்
லிஃப்ட்காரன்

மார்ச் 16, சனி

லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்திருப்பவருக்கு,

முதலில் கீழே இறங்குங்கள். அப்புறம் படிக்கலாம்.

பால் பாத்திரம் கால் கட்டைவிரலில்தான் விழுந்தது. வீக்கம் வற்றிவிட்டது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜன்னலுக்கு நேரே கொடியில் வேஷத் துணியெல்லாம் காயும். கரடி தலைகீழாகத் தொங்கும், கோமாளியின் கால்சட்டை காற்றில் தானாக நடக்கும். போன வாரம் ஒரு நாள் முயலும் காய்ந்தது. ஒரு காது கிழிந்து நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. என் கண்ணுக்கு முன்னால் ஒரு காது அப்படித் தொங்கினால் நான் சும்மா இருப்பேனா? சுவரைத் தாண்டிக் குரல் கொடுத்தேன். துணி துவைக்கும் அம்மா, “அத யாருக்கும்மா தைக்கத் தெரியும்? பசை போட்டு ஒட்டி ஒட்டிப் பாத்துட்டோம்” என்றாள். “பசையா? குடுங்க இப்படி” என்று ஏணி போட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளே பஞ்சு மாற்றி இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் மேனேஜரே வந்து நின்றார். இப்போது வாரம் மூன்று நாள் கரடி, கோமாளி, பேய் எல்லோருக்கும் நான்தான் தையல்காரி.

முயலுக்குள் யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் வராதது அந்த முயலுக்கும் தெரியும். “அவரு ஏன் இந்தத் தடவ வரல?” என்று என்னிடம் கேட்டது.

பின்பக்கம் பார்த்தால் ருசி போய்விடும் என்கிறீர்களே, எனக்குப் போகவில்லை. பேய் வேஷக்காரர் சாயங்காலம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்தப் பேய்மேல் பிரியமே வந்தது.

வேலைக்குப் பின்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாகவே வருகிறேன். ராட்டினத்தில் ஏறவில்லை, கப்பல் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. தனியாக எப்படி ஏறுவது? பக்கத்தில் ஒருவர் பிரேக் கேட்டுக் கத்தவேண்டாமா?

பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன். ஒன்றில் இப்போது துணி மூட்டை உட்கார்ந்திருக்கிறது. ஆபீசுக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள்? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
தையல்காரி

மார்ச் 21, வியாழன்

தையல்காரிக்கு,

சுற்றி வளைக்காதே என்றாய். சரி.

எனக்குப் பயமாக இருக்கிறது.

நாம் மூன்று நாள் ஜோடி. முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வராது. இரண்டாம் நாள் கப்பல், ராட்டினம், முயல். மூன்றாம் நாள் சாயங்காலம் நீ ஒரு பஸ், நான் ஒரு பஸ். உன் கண்ணில் தண்ணீர், நான் திரும்பிப் பார்க்காமல் ஏறிவிடுவேன். ஊரில் நம்மைப் போல ஒற்றுமையான ஜோடி கிடையாது என்று நம் மகளே எல்லோரிடமும் சொல்லுவாள்.

ஒரே ஒரு தடவைதான் மழையில் பாலம் மூழ்கி பஸ் ஓடாமல் நாலாம் நாளும் நாம் வழக்கமாகத் தங்கும் லாட்ஜில் இருந்தோம். என்ன நடந்தது என்று உனக்கு மறந்திருக்காது. குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னாய், நான் பத்து சொன்னேன். உன் அப்பா வரைக்கும் போய்விட்டேன். அதற்கப்புறம் நாலு மாசம் ஒரு கடிதம் கிடையாது. அந்த நாலு மாசமும் நான் சாப்பிட்டது எனக்கு உடம்பில் ஒட்டவில்லை.

அதிலிருந்து எத்தனை லீவு மிச்சம் இருந்தாலும் மூன்றாம் நாளே பஸ் ஏறிவிடுவேன். லீவு இல்லை என்று சொன்னதெல்லாம் பாதிதான் நிஜம்.

பார்க் பக்கத்தில் குடியிருந்தால் பார்க் அலுத்துப்போகும் என்று நான் எழுதியது பார்க்கைப் பற்றி இல்லை. நீ என்னை இஸ்திரி போட்ட சட்டையில்தான் பார்த்திருக்கிறாய். நான் காலையில் பேசமாட்டேன், செருப்பை விட்ட இடத்தில் விடமாட்டேன், தூக்கத்தில் குறட்டை வேறு. அலுத்துப் போகப்போவது பார்க் இல்லை, நான்.

அதனால் ஒன்று செய்வோம். வேலையை ஒரு வருஷம் நீட்டித்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் வழக்கம்போல மூன்று நாள் வருகிறேன். நம் லாட்ஜிலேயே அறை எடுத்துவிடு, அந்தக் கடைசி அறை. கோபித்துக்கொள்ளாதே.

உன்
லிஃப்ட்காரன்

மார்ச் 25, திங்கள்

விருந்தாளிக்கு,

லாட்ஜ்காரருக்குச் சொல்லிவிட்டேன். கடைசி அறை காலியாகத்தான் இருக்கிறது. ஒரு ஆளுக்கு.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரமாட்டேன். வீடு என்று ஒன்று வைத்துக்கொண்டு லாட்ஜில் வந்து புடவை மாற்றிக்கொள்ள எனக்கு என்ன தலையெழுத்தா?

நீங்கள் வேலையை நீட்டிக்கிறீர்கள் என்று மகளிடம் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “எங்கப்பாவ நான் கோபமாப் பாத்ததே இல்லம்மா. கோபப்படற அளவுக்கு அவரு எங்க இருந்தாரு?” போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

என்னைப் பற்றி மட்டும் என்ன நினைத்தீர்கள்? எனக்கும் வாய் நீளம். மிஷின் ஓட்டும்போது யாராவது பேசினால் எரிந்து விழுவேன். பல் விளக்கிக்கொண்டே வீடு முழுக்க நடப்பேன். மூன்று நாளும் அடக்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான். உங்களோடு சேர்ந்து இருக்கத்தான் வீடு வாங்கினேனே தவிர, உங்களைப் பார்த்து ரசிக்க இல்லை.

இதற்குமேல் கெஞ்சமாட்டேன். விருந்தாளியாக வந்தால் லாட்ஜ். வீட்டுக்காரராக வந்தால் வீடு. பதில் எழுதவேண்டாம்.

தையல்காரி

ஏப்ரல் 13, சனி
கையில் கொடுக்கவும்: கப்பல் பக்கம் நிற்கும், தலை நரைத்தவருக்கு

உங்களுக்குத்தான்,

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கப்பல் மேலே போனது, “அம்மா” என்று நூறு பேர். கப்பல் கீழே வந்தது, “பிரேக்கப் போடுப்பா, பிரேக்கப் போடு! கம்பி தாங்காது!” என்று ஒரே ஒருவர்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

பத்தொன்பது நாளாகப் போனிலும் “காய்ச்சல் இல்ல, நல்லாருக்கேன்” என்பதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. ஆபீசுக்கு என்ன சொன்னீர்கள் என்று நானும் கேட்கவில்லை. இப்போதும் உங்கள் கையில் இருப்பது மூன்று நாள் பையா, பெட்டியா என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் சீட்டு எழுதி முயலிடம் கொடுத்து அனுப்புகிறேன். காதைப் பாருங்கள், தையல் தெரிகிறதா? உள்ளே யார் என்று இன்றுவரை நான் மூச்சுவிடவில்லை.

நாலாம் நாள் சண்டை வந்தால் வரட்டும். நன்றாகப் போடுவோம். கத்தினால் யாருக்கும் கேட்காது, இந்தத் தெருவில் எல்லோரும் கப்பல் என்றுதான் நினைத்துக்கொள்வார்கள். ஐந்தாம் நாள் காலையில் காபி போட்டு வைக்கிறேன். நீங்கள் பேசவேண்டாம், குடித்தால் போதும்.

பின்வாசல் வழியாக வந்தால் பச்சைக் கேட். மூட்டையை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டேன்.

உங்கள்
தையல்காரி

(அதே சீட்டின் பின்பக்கம்)

தையல்காரி,

விருந்தாளியாகக் கடைசியாக ஒரு தடவை முன்வாசல் வழியாக நுழைந்து பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். அதற்குள் காட்டிக்கொடுத்துவிட்டது என் தொண்டை. கம்பி நிஜமாகவே கொஞ்சம் முனகுகிறது, மேனேஜரிடம் பேசவேண்டும்.

ஆபீசில் முடியாது என்று சொல்லிவிட்டேன். பெட்டி இரண்டு, டூல்பாக்ஸ் ஒன்று. டூல்பாக்ஸை முயல் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறது, வழி அதற்குத்தான் தெரியுமாம்.

இதோ வந்துகொண்டே இருக்கிறேன். ஈரத் துண்டை எங்கே காயப்போடவேண்டும் என்று மட்டும் வாசலிலேயே சொல்லிவிடு.