உன் மூக்கை நான் திருத்திய கதை

என் அன்புச் சுடலை,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. நீ இருந்தபோது சொல்ல வாய் வராதவன், இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதலில் இங்கே மும்பையில் நடப்பதைச் சொல்கிறேன். மாட்டுங்காவில் எங்கள் சாதிச் சங்கத்துக்குப் பொன்விழா. பழைய ஆண்டு மலரில் நான் எழுதிய 'நம் இனத்தின் உயர்வு' கட்டுரையை மறுபடி அச்சிடப்போகிறார்கள். அதற்குள் யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, தாராவிக்காரர்களுக்கு வாடகைக்கு வீடு தரக்கூடாது என்று ஒரு கட்டடத்தில் அதைக் காட்டியே பேசுகிறார்களாம்.

கல்லூரி நாளில் நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. மூக்கை அளந்தால் யார் உயர்ந்த இனம், யார் தாழ்ந்த இனம் என்று சொல்லிவிடலாம் என்றது. வெள்ளைக்காரத் துரைமார் நம்மை வரிசையில் நிறுத்தி அளந்து எழுதிவைத்த சரக்கு. இதே மாதிரி இனக் கணக்கின் பேரில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கானவர்களைக் கொன்றும் முடித்திருந்தார்கள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். இதெல்லாம் பொய் என்று விளக்கும் புத்தகமும் அதே அலமாரியில் இருந்தது. நாலு பக்கம் படித்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டேன். எனக்கு அது இனிக்கவில்லை.

அளக்கும் கருவியைத் தாராவியில் இருந்த உங்கள் பட்டறையில் நீதான் பித்தளையில் செய்து கொடுத்தாய். "மூக்குக்குச் சட்ட தைக்கப் போறீரா வே?" என்று சிரித்தாய். முதல் மூக்கும் உன்னுடையதுதான். அடுத்தது என்னுடையது.

இரண்டுக்கும் ஒரே எண் வந்தது. நான் மறுபடி அளந்தேன். "எத்தன தடவ வேணாலும் அளந்துக்கிடும். நான் செஞ்ச சாமான் பொய் சொல்லாது" என்றாய்.

வீட்டுக்குப் போய் உன் எண்ணை மாற்றினேன், சுடலை. புத்தகம் தப்பாக இருக்காது, என் கைதான் தவறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அட்டவணை அழகாக அமைந்துவிட்டது. 'தாழ்ந்த வகை' என்று தலைப்புப் போட்டு அதன் கீழே உன் பெயரை எழுதினேன். மேடையில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

எண் நிஜமாகவே வேறாக வந்திருந்தால் மட்டும் என்ன? மூக்கின் அகலத்தில் மனிதனின் தரம் எங்கே இருக்கிறது? இதைக் கேட்டுக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் பிடித்தது.

நீ ஒன்றும் கேட்கவில்லை. தாதர் ஸ்டேஷனில் பார்த்தால் டீ வாங்கிக் கொடுத்தாய். மலர் உன் கண்ணில் படவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நிஜமாகவே நம்பினேனா?

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் செல்வி அந்த மலரை எடுத்து வந்தாள்.

"அப்பா இதப் பத்திரமா வச்சிருந்தாங்க பெரியப்பா. எனக்குத் தமிழ் சரியா வாசிக்க வராது. அப்பா பேர மட்டும் எழுத்துக் கூட்டிப் பாத்தேன். பக்கத்துல உள்ள நம்பர அடிச்சிட்டு, பென்சில்ல வேற நம்பர் எழுதிருக்காங்கல்லா, அது என்னது?"

பார்த்தேன். சரியான எண். நீ படித்திருக்கிறாய். படித்துவிட்டுத்தான் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

இவளுக்கு வாசிக்க வராது என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்? "அச்சுப் பிழைம்மா" என்றேன்.

"அச்சா, மிஸ்டேக்கா" என்று இந்தி கலந்து சொல்லி, மலரைத் துடைத்து, உன் படத்துக்குக் கீழேயே வைத்தாள். அப்பா பெயர் அச்சில் வந்த ஒரே புத்தகமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளிடம் போகிறேன். கட்டுரை முழுவதையும் வாசித்துக் காட்டுவேன். 'தாழ்ந்த' என்ற சொல்லையும் விழுங்கமாட்டேன். எண்ணை மாற்றிய கை எது என்றும் சொல்வேன். சாயங்காலம் சங்கக் கூட்டம். கட்டுரைக்குப் பதில் இந்தக் கடிதத்தைப் போடச் சொல்வேன். மறுத்தால் நானே அச்சடித்து, விழா வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
எல்லாம் கேட்ட பிறகும் செல்வி அப்படிக் கூப்பிட்டால்,
அவளுடைய பெரியப்பா